சடாகோ கேள்வி – பதில்: ‘ரிங்கு’வும் ‘ரிங்கு 2’வும்

ஹிடியோ நகாட்டா இயக்கிய ஜப்பானியப் பேய்ப்படம் ‘ரிங்கு’ (1998), அடுத்த ஆண்டே வந்த அதன் தொடர்ச்சி ‘ரிங்கு 2’ (1999) ஆகியவை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். இரண்டு படங்களின் முடிவும் மறைக்காமல் பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கேள்வி: முதல் படம் பார்த்த பிறகு, அணைத்து வைத்த டி.வி.யைப் பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டாம் படம் அந்த அளவுக்கு உலுக்கவில்லை. இயக்குநர், திரைக்கதாசிரியர் எல்லாரும் அதே ஆட்கள்தானே? என்ன குறைந்துபோனது?

இயக்கம் நகாட்டா, திரைக்கதை ஹிரோஷி தகாஹாஷி, இசை கெஞ்சி கவாய். மூவரும் மாறவில்லை. நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். காணாமல் போனது கெடு.

முதல் படத்தில் சாபம் ஒரு சட்டம்போல அவ்வளவு தெளிவாக இருக்கிறது. கிணற்றில் செத்த சடாகோ என்ற பெண்ணின் ஆவி, ஒரு வீடியோ டேப் வழியாகப் பழிவாங்குகிறது. அந்த டேப்பைப் பார்த்து முடித்ததும் தொலைபேசி அடிக்கும். ஏழு நாளில் சாவு. தேதியும் கிழமையும் அவ்வப்போது திரையில் எழுத்தாக வந்துபோகின்றன. அதனால் டேப்பை விசாரிக்கும் செய்தியாளர் ரெய்கோ பழைய செய்தித்தாள்களைப் புரட்டும் சாதாரணக் காட்சிகூட நமக்குப் பதற்றமாக இருக்கிறது. ஓஷிமா தீவில் புயல் பிடித்துக்கொண்டு, திரும்பப் படகு கிடைக்காமல் நிற்கும்போது திரையில் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. இருந்தாலும் வயிறு கலங்குகிறது. இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று நாமே மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதுதான் காரணம்.

‘ரிங்கு 2’வை எடுத்துக்கொள்ளுங்கள். ரெய்கோவும் மகன் யோயிச்சியும் ஏற்கெனவே தப்பியவர்கள். கதையை நடத்திச் செல்லும் மாய் தகானோ, முதல் படத்தில் இறந்த பேராசிரியர் ரியூஜியின் மாணவி. இவர்கள் யாருக்கும் ஏழு நாள் கெடு கிடையாது. ஆபத்து இப்போது சிறுவனின் பார்வையிலிருந்து வருகிறது, தண்ணீரிலிருந்து வருகிறது, மருத்துவமனையில் ஓடிக்கொண்டிருக்கும் டி.வி.யிலிருந்து வருகிறது. எங்கிருந்து வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் வரும் என்று ஆகிவிட்டால் பார்ப்பவருக்குக் கணக்குப் போட ஒன்றுமில்லை. காத்திருக்கத்தான் முடியும். தனித்தனியாகப் பார்த்தால் பல காட்சிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பயம் சேர்ந்துகொண்டே போகவில்லை.

நாயகியை நடத்திய விதமும் ஒரு காரணம். முதல் படம் முழுவதும் நாம் யாரோடு ஓடினோமோ அந்த ரெய்கோ, இதில் படத்தின் நடுவிலேயே லாரி மோதி இறந்துபோகிறார். அதிர்ச்சிதான். ஆனால் அதற்குப் பின் படத்தைத் தாங்கும் பொறுப்பு மாயின் தலையில் விழுகிறது. முதல் படத்தில் இரண்டொரு காட்சிகளில் மட்டும் வந்துபோன பாத்திரம் அது. மிக்கி நகாதானி நன்றாக நடித்திருக்கிறார். ஆனாலும் மகனைக் காப்பாற்றத் துடிக்கும் தாயிடம் இருந்த அவசரத்தை மாயிடம் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால் தப்பலாம் என்பது ‘ரிங்கு’வின் கடைசியில் திடீரென்று நுழைத்தது மாதிரி எனக்குத் தோன்றியது. சரிதானா?

இல்லை. துப்பு நம் கண் முன்னாலேயே இருக்கிறது. ரெய்கோ டேப்பைப் பார்த்ததும் முன்னாள் கணவர் ரியூஜியிடம் காட்டுகிறார். ஆராய்ந்து பார்க்கத் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்கிறார் அவர். ரெய்கோ எடுத்துக் கொடுக்கிறார். புலனாய்வின் ஒரு சாதாரண அங்கமாகத்தான் அப்போது அது தெரிகிறது. ஆனால் ரெய்கோ செய்து ரியூஜி செய்யாத ஒரே காரியம் அதுதான். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த இடத்தைக் கவனியுங்கள். காட்சியை இழுக்காமல், அழுத்தம் கொடுக்காமல் நகாட்டா கடந்து போய்விடுவார். அழுத்தியிருந்தால் அங்கேயே பிடித்திருப்போம்.

நம்மைத் திசை திருப்ப அவர்கள் பயன்படுத்தியது, பேய்க்கதைகளிலேயே மிகப் பழைய நம்பிக்கை ஒன்று. அநியாயமாகச் செத்தவரின் எலும்பைத் தேடிக் கண்டுபிடித்துக் கரையேற்றினால் ஆவி அடங்கிவிடும் என்பது. ரெய்கோவும் ரியூஜியும் விடுதி அறைக்கு அடியில் இருக்கும் கிணற்றில் இறங்கி, வாளி வாளியாகத் தண்ணீர் இறைக்கிறார்கள். சடாகோவின் எலும்புக்கூடு மேலே வருகிறது. ரெய்கோ அதை மார்போடு அணைத்துக்கொள்கிறார். அவருக்குரிய நேரமும் தாண்டிவிடுகிறது. வேறொரு படமாக இருந்தால் அங்கே முடிந்திருக்கும். மறுநாள் ரியூஜி சாகும்போதுதான் புரிகிறது, சடாகோவுக்கு வேண்டியது இரக்கம் இல்லை, பரவல். மகனைக் காப்பாற்ற ரெய்கோ தன் தகப்பனாரின் வீட்டை நோக்கிக் காரை ஓட்டுகிறார், வீடியோ பிளேயரையும் எடுத்துக்கொண்டு. ‘நான் யாருக்குக் காட்டுவேன்?’ என்ற கேள்வி நம்மிடம் வந்து நிற்கிறது. பேய்ப்படங்களில் இவ்வளவு கொடூரமான முடிவு அதிகம் கிடையாது.

‘ரிங்கு 2’ இந்த முடிவுக்குப் பிறகு தொடங்க வேண்டியிருந்தது என்பதே அதன் பெரிய சுமை. தாத்தா இறந்துவிட்டார் என்று சொல்கிறார்கள். ஆனால் தகப்பனைப் பலி கொடுத்து மகனை மீட்ட பெண்ணின் மனம் என்ன பாடுபடும் என்பதற்குள் படம் ஆழமாகப் போகவில்லை. அங்கேதான் முழுப் படத்துக்கான கதை இருந்தது.

கேள்வி: டி.வி.க்குள்ளிருந்து சடாகோ வெளியே வரும் காட்சியை எப்படி எடுத்தார்கள்? கணினி வரைகலையா?

அந்த உடல் அசைவில் கணினிக்கு வேலையில்லை. சடாகோவாக நடித்த ரியே இனோ மேடையில் பயிற்சி பெற்றவர். அவரைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படம் பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். திரையில் அவர் முன்னோக்கி வருகிறார். ஆனால் மனித உடல் எடையை மாற்றும் வரிசை பிசகியிருக்கிறது. பொதுவாக உடல் முதலில் சாயும், பிறகு கால் போய் ஊன்றும். இங்கே அது புரண்டு வருவதால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாமலேயே நம் கண் அதைத் தவறு என்று உணர்ந்துவிடுகிறது.

அந்த அறையில் நடப்பதை வரிசையாகக் கவனியுங்கள். ரியூஜி மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். பகல் வெளிச்சம். டி.வி. தானாக உயிர் பெறுகிறது. அதில் கிணறு. நாம் முன்பு பார்த்த அதே கிணறுதான், ஆனால் டேப் நின்றுபோகும் இடத்தில் இந்த முறை நிற்கவில்லை. வெள்ளை உடையில் ஓர் உருவம் கிணற்றின் விளிம்பைத் தாண்டி வெளியேறுகிறது. தொலைபேசி மணி அடிக்கிறது. உருவம் கண்ணாடிப் பரப்பைக் கடந்து தரைக்கு வருகிறது. தரையில் ஊன்றும் விரல்களை நெருக்கத்தில் காட்டுகிறார்கள். நகங்கள் இல்லை. கிணற்றுச் சுவரில் ஏற முயன்றபோது பிய்ந்துபோனவை அவை. முந்தைய காட்சியில் சுவரிலேயே அவற்றைப் பார்த்திருக்கிறோம். முகம் கடைசி வரை தெரியாது. தலைமுடிக்கு நடுவே ஒற்றைக் கண் மட்டும், தலைகீழாக விரிந்து. அந்தக் கண் நடிகையுடையது இல்லை, படக்குழுவைச் சேர்ந்த ஓர் ஆணுடையது. ரியூஜியின் கடைசி நொடியில் படம் உறைந்து, புகைப்பட நெகட்டிவ்போல நிறம் புரண்டுவிடுகிறது.

இதோடு ‘ரிங்கு 2’வின் கிணற்றுக் காட்சியை ஒப்பிடுங்கள். மாயும் யோயிச்சியும் கிணற்றுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். கயிற்றைப் பிடித்து ஏறும்போது பின்னாலிருந்து சடாகோ சுவரில் வெடுக் வெடுக்கென்று வேகமாக ஏறி வருகிறாள். நல்ல யோசனைதான், நிச்சயம் திடுக்கிட வைக்கும். ஆனால் கிட்டே வந்ததும் முகம் தெரிந்துவிடுகிறது. காவல்துறை மண்டையோட்டை வைத்துக் களிமண்ணில் செய்த முகம். அசையாத களிமண் முகம் விகாரமாக இருப்பது உண்மை. ஆனால் காட்டிய முகத்துக்கு ஓர் அளவு வந்துவிடுகிறது. தெரியாத முகத்துக்கு அளவே இல்லை. வேகமும் அப்படித்தான். முதல் படத்தில் அவள் மெதுவாக வந்தாள், ரியூஜிக்கு எழுந்து ஓட நேரம் இருந்தது, ஆனாலும் முடியவில்லை.

கேள்வி: ‘ரிங்கு 2’வில் மருத்துவர், கருவிகள், நீச்சல்குளம் என்று பேயை ஆய்வகத்துக்குள் கொண்டுபோனது ஏன்?

இதற்கு முதலில் ‘ராசென்’ பற்றிச் சொல்ல வேண்டும். ‘ரிங்கு’ கோஜி சுசுகி 1991இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. அவரே 1995இல் எழுதிய தொடர் நாவலைப் படமாக்கியதுதான் ‘ராசென்’. ஜோஜி ஈடா இயக்கினார். 1998 ஜனவரி 31 அன்று இரண்டும் ஒரே நாளில் ஜோடியாகத் திரையிடப்பட்டன. அதாவது ‘ரிங்கு’வின் அதிகாரபூர்வமான தொடர்ச்சி அதனுடனேயே வெளிவந்துவிட்டது! மக்கள் ‘ரிங்கு’வைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ‘ராசெ’னைக் கண்டுகொள்ளவில்லை. உடற்கூறாய்வு, வைரஸ், மரபணு என்று அந்தக் கதை மருத்துவ வழியில் போனது. தயாரிப்பாளர்கள் அதை அப்படியே ஓரங்கட்டிவிட்டு, நாவலில் இல்லாத புதுக் கதை ஒன்றைத் தகாஹாஷியை எழுத வைத்தார்கள். 1999 ஜனவரி 23இல், ஓர் ஆண்டுகூட முடிவதற்குள், ‘ரிங்கு 2’ திரைக்கு வந்தது. அந்த அவசரத்தின் தடயம் படத்தில் தெரிகிறது.

தகாஹாஷி வைரஸைக் கைவிட்டாலும் விளக்கும் ஆசையைக் கைவிடவில்லை. சாபம் என்பது ஒரு வகை ஆற்றல், தண்ணீர் அதை உள்வாங்கும் என்கிறார் மருத்துவர் கவாஜிரி. முதல் படத்தின் தொடக்கத்தில் தோழி டோமோகோ சாவதைப் பார்த்துப் பேச்சிழந்துபோன மசாமி அவருடைய நோயாளி. பிறகு யோயிச்சியைக் குளத்தருகே உட்கார வைத்து, உடலில் கருவிகளை இணைத்து, அவனுக்குள் இருக்கும் சாபத்தைத் தண்ணீருக்குள் இறக்கிவிடப் பார்க்கிறார். சோதனை கை மீறிப் போகிறது. அவரும் உயிரோடு மிஞ்சவில்லை.

யோசனையே வீண் என்று சொல்ல மாட்டோம். முதல் படத்திலும் இப்படி ஓர் ஆராய்ச்சியாளர் உண்டு. சடாகோவின் தாய் ஷிசுகோவைக் கூட்டத்தின் முன் நிறுத்தி அவருடைய ஞானதிருஷ்டியை நிரூபிக்கப் பார்த்த இகுமா. அந்த நிரூபணம் சாவில் முடிந்தது. நிரூபிக்கத் துடிக்கும் ஆண்கள் மீண்டும் மீண்டும் அழிவைக் கொண்டுவருகிறார்கள் என்ற தொடர்ச்சியை இரண்டாம் படம் பிடித்திருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், சாபம் ஆற்றல் என்று ஆனதும் அதைக் கரைக்கலாம், கடத்தலாம், அளக்கலாம். பிரதி எடு, இன்னொருவரைச் சாகவிடு என்ற பயங்கரமான பேரத்துக்கு மாற்றுவழி ஒன்று முளைத்துவிடுகிறது. அத்துடன் முதல் படத்தின் உயிர்நாடி அறுந்துவிடுகிறது.

கேள்வி: இகுமா, ஷிசுகோ கதைக்கு உண்மைச் சம்பவம் ஏதாவது அடிப்படையா?

ஆமாம். தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த டொமோகிச்சி ஃபுகுராய் 1910இல் சிசுகோ மிஃபுனே என்ற இளம்பெண்ணை வைத்து ஞானதிருஷ்டிச் சோதனைகள் நடத்தினார். மூடி வைத்த பொருளுக்குள் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அறிஞர்களும் செய்தியாளர்களும் கூடியிருந்த சோதனையில் சந்தேகம் கிளம்பியது. பத்திரிகைகளில் மோசடி என்ற பேச்சு எழுந்தது. 1911 ஜனவரியில் அந்தப் பெண் நஞ்சு குடித்து இறந்துபோனார். ஃபுகுராய் அதன் பிறகும் விடவில்லை. மனதில் நினைத்ததைப் புகைப்படத் தகட்டில் பதிப்பது பற்றி ஆராய்ந்து 1913இல் நூல் வெளியிட்டார். பிறகு பல்கலைக்கழகப் பதவி போயிற்று. அவர் சோதித்த பெண்களில் ஒருவரின் பெயர் சடாகோ தகாஹாஷி. நினைப்பைத் தகட்டில் பதிப்பது எங்கே, வீடியோ டேப்பில் பதிப்பது எங்கே என்று நீங்களே இணைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சடாகோவின் தோற்றம் இன்னும் பழையது. தலைவிரி கோலமும் வெள்ளை உடையும் ஜப்பானிய மரபு நாடகமான கபுகியின் மேடைப் பேய்களுடையவை. 1825இல் அரங்கேறிய யொட்சுயா பேய்க்கதையின் ஓயிவா தலை வாரும் காட்சி பேர்போனது. சபிக்கப்பட்ட டேப்பில் ஷிசுகோ கண்ணாடி முன் தலை வாருவதைப் பார்க்கும் ஜப்பானியருக்கு அது நினைவுக்கு வராமல் இருக்காது. கிணற்றுப் பேய்க்கு ஒக்கிகு என்ற பணிப்பெண்ணின் கதை இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் ‘ரிங்கு 2’வைப் பார்க்காமலே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஒகாசாகியும் கனாயேவும் வரும் கிளைக்கதைக்காகவே பார்க்க வேண்டும். ரெய்கோவின் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒகாசாகிக்குச் செய்திக்காக அந்த டேப் தேவை. பள்ளி மாணவி கனாயே அதைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். தானும் பார்த்துவிட்டதாகச் சொல்லி, தயவுசெய்து நீங்கள் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறாள். பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். பயந்துபோய் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறான். கெடு முடிகிறது, கனாயே சாகிறாள்.

முதல் படத்தின் சட்டம் அப்படியே உயிரோடு இருக்கும் ஒரே இடம் இது. பேய் யாரையும் துரத்தவில்லை. ஒரு மனிதன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை, அவ்வளவுதான். பிறகு அவளுடைய பேட்டிப் பதிவை அவன் அழிக்கப் பார்க்கும்போது, பதிவுக்குள் இருக்கும் அவள் உருவம் வேறு மாதிரி அசையத் தொடங்குகிறது. பெரிய சத்தம் இல்லை, ஓர் அறை, ஓர் ஆள், ஒரு திரை. நகாட்டாவின் கை இங்கே முழுமையாகத் திரும்பி வந்துவிடுகிறது. கியோகோ ஃபுகாதாவுக்குக் கனாயேவாக வரும் நேரம் குறைவுதான், ஆனால் மறக்க முடியாது.

சடாகோ கிணற்றுக்குள் விழுந்ததும் சாகவில்லை, சுமார் 30 ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறாள் என்று உடலைப் பரிசோதித்தவர்கள் சொல்லும் இடமும் பலமானது. ஒரே வரியில் முதல் படத்தின் கோபம் அத்தனைக்கும் அடித்தளம் போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: எந்த வரிசையில் பார்ப்பது?

‘ரிங்கு’, ‘ரிங்கு 2’, பிறகு நோரியோ சுருதா இயக்கிய ‘ரிங்கு 0’ (2000). கதைப்படி மூன்றாவதுதான் முன்கதை. சடாகோ இளம்பெண்ணாக ஒரு நாடகக் குழுவில் சேர்ந்த காலம். அதற்காக அதை முதலில் போட்டுவிடாதீர்கள். அவள் யார் என்று தெரிந்துகொண்டு ‘ரிங்கு’ பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். ‘ராசெ’னைக் கடைசியில், தனியாக வையுங்கள். அதில் ரெய்கோவும் மகனும் இறந்துவிடுகிறார்கள், ‘ரிங்கு 2’வில் இருவரும் உயிரோடு ஒளிந்து வாழ்கிறார்கள். அடுத்தடுத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கேள்வி: 2005இல் வந்த ஆங்கில ‘தி ரிங் டூ’, ‘ரிங்கு 2’வின் மறு ஆக்கம்தானே?

இல்லை. கோர் வெர்பின்ஸ்கி இயக்கிய 2002ஆம் ஆண்டு ‘தி ரிங்’தான் மறு ஆக்கம், அதுவும் முதல் ‘ரிங்கு’வுக்கு. 2005 படத்தை நகாட்டாவே இயக்கினாலும் கதை வேறு. அங்கே பேய் சிறுவனின் உடலில் குடியேறப் பார்க்கிறது. தண்ணீரும் சிறுவனும் மட்டும் பொது.

கேள்வி: வீட்டில் பெரிய டி.வி.யில் ‘ரிங்கு’ போட்டேன். சடாகோ வரும் காட்சி ஏதோ சீரியல் மாதிரி வழவழவென்று தெரிந்தது. படமே அப்படித்தானா?

படம் அப்படியில்லை, உங்கள் டி.வி. செய்த வேலை அது. பெரும்பாலான புதிய டி.வி.க்களில் அசைவை மென்மையாக்கும் வசதி ஒன்று தானாகவே இயங்கும். படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். டி.வி. நடுநடுவே தானாகச் சட்டகங்களை உருவாக்கிச் செருகும். தலைகீழாக ஓட்டியதால் கிடைத்த அந்தத் தடுமாற்றம் இதனால் மழுங்கிவிடுகிறது. பட அமைப்புகளுக்குள் போய் அசைவு தொடர்பான எல்லாவற்றையும் அணையுங்கள். ‘சினிமா’ என்றோ ‘ஃபிலிம்மேக்கர்’ என்றோ ஒரு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரைச்சல் நீக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். சபிக்கப்பட்ட டேப்பின் புள்ளிகளையும் கோடுகளையும் கோளாறு என்று நினைத்து டி.வி. துடைத்துவிடும். அவை வேண்டுமென்றே வைத்தவை. பிரகாசத்தைக் கூட்டாதீர்கள், அறை விளக்கை அணையுங்கள். கிணற்றுக்குள் இருட்டு சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பிரகாசம் அதிகம் என்று பொருள். ஒலியில், இரவு நேர முறை போன்றவை மெல்லிய சத்தத்தை உயர்த்திப் பெரிய சத்தத்தைக் குறைக்கும். கெஞ்சி கவாயின் இசையில் அமைதிக்கும் உலோகக் கீச்சலுக்கும் உள்ள தூரம்தான் எல்லாம், அதனால் அதுவும் வேண்டாம். மொழிமாற்று ஒலியைத் தவிர்த்து ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள். வசன வரிகள் பேச்சுக்கு மட்டும் இல்லாமல் திரையில் வரும் எழுத்துக்கும் இருக்கிறதா என்று முதல் பத்து நிமிடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேதிகள் புரியாவிட்டால் ஏழு நாள் கணக்கு கையை விட்டுப் போய்விடும்.